உள்காட்டுப் பாதையைக் கணக்கெடுத்து, சீரமைக்க நிதி திரட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தேசியக் காடுகளில், சாலை முடியும் இடத்திலிருந்து பல மைல் உள்ளே போகும் பொதுப் பாதைகளைப் பற்றிய வழிகாட்டி இது. வார இறுதியில் நடக்கப் போய், பாதை பழுதாகிக் கிடப்பதைப் பார்த்து மனம் கேட்காமல் தன்னார்வக் குழுவில் சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளாகப் புதியவர்களோடு சேர்ந்து பாதைகளைக் கணக்கெடுத்து வருகிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் கூட்டத்திலேயே ‘பணம் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் பணம் ஒன்பதாவது படி. முன்னால் உள்ள எட்டும் ஒழுங்காக நடந்திருந்தால் பணம் கேட்பது அவ்வளவு கடினமில்லை. அவை நடக்காமலே பணம் வந்துவிட்டால், அது தப்பான இடத்தில் போய்ச் செலவாகும்.

1. பாதை எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள்

நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவதற்கு முன், அந்தப் பகுதியின் ரேஞ்சர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். பாதையின் பராமரிப்பு இலக்கைச் சொல்லும் ஆவணத்தைக் கேளுங்கள். வனத்துறையில் அதை டி.எம்.ஓ. என்று சொல்வார்கள். பாதை எந்த வகுப்பு, யாருக்கானது, தடம் எவ்வளவு அகலம், கிளைகளை எவ்வளவு உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வகுப்பு 1 என்றால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் ஒற்றைத் தடம். வகுப்பு 5 என்றால் முழுதாகச் சமன்படுத்திய பாதை. உள்காட்டில் பெரும்பாலும் 2, 3 வகுப்புகளைத்தான் பார்ப்பீர்கள்.

இது ஏன் முதல் படி? இருக்க வேண்டிய நிலைக்கும் இருக்கிற நிலைக்கும் உள்ள இடைவெளிதான் பழுது. முதலாவது தெரியாமல் இரண்டாவதை அளக்க முடியாது. குதிரை போகும் பாதையில் ஒன்பதடி உயரத்தில் தொங்கும் கிளை வெட்டப்பட வேண்டியது. நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையில் அதே கிளை வெறும் நிழல். வகுப்பு 2 பாதையில் வேரும் கல்லும் தலைநீட்டுவதையெல்லாம் பழுது என்று எழுதி வந்த ஒரு குழுவோடு நான் போயிருக்கிறேன். பதினான்கு பக்கப் பட்டியலில் பத்துப் பக்கத்தை அடிக்க வேண்டியிருந்தது. அதை எழுதியவர்களின் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது.

ஆவணம் பழையதாகவோ காணாமலோ இருந்தால், ரேஞ்சரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, பேசியதை மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பாதையின் எந்தப் பகுதி வைல்டர்னஸ் (இயற்கை நிலையிலேயே விட்டுவைக்கச் சட்டம் ஒதுக்கிய காடு) எல்லைக்குள் வருகிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 1964-ஆம் ஆண்டின் வைல்டர்னஸ் சட்டம் அந்த எல்லைக்குள் மோட்டார் கருவிகளையும் இயந்திரப் போக்குவரத்தையும் தடுக்கிறது. செயின்சா கிடையாது, இருவர் இழுக்கும் ரம்பம்தான். தள்ளுவண்டியும் கிடையாது, மண்ணைப் பையில் சுமக்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கலாம் என்பதால், எல்லைக்கோடு எங்கே என்று தெரியாமல் போடும் கணக்கு எதற்கும் உதவாது.

2. கையெழுத்து இல்லாமல் உள்ளே போகாதீர்கள்

1972-இல் வந்த தேசியக் காடுகள் தன்னார்வலர் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தன்னார்வலர் வேலையில் அடிபட்டால், மத்திய அரசு ஊழியருக்குக் கிடைப்பது போன்ற காயப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு. கையெழுத்து இல்லையென்றால் நீங்கள் அங்கே வெறும் பயணி.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: ஒப்பந்தத்தில் வேலையின் விவரம் எழுதும் இடத்தில் ‘மரம் அகற்றுதல், வடிகால் சுத்தம் செய்தல்’ என்பதோடு ‘கணக்கெடுப்பு’ என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கணக்கெடுக்கப் போகும் நாளிலும் கால் பிசகும்.

ரம்பம் பிடிப்பவர்களுக்கு வனத்துறையின் சான்றிதழ் வேண்டும். செயின்சாவுக்கு மட்டுமல்ல, கைரம்பத்துக்கும் வேண்டும். முதலுதவிப் பயிற்சியும் அதோடு சேர்ந்தது. பயிற்சி வகுப்புகள் ஆண்டுக்குச் சில முறைதான் நடக்கும், இடங்களும் சீக்கிரம் நிரம்பிவிடும். கோடையில் வேலை என்றால் குளிர்காலத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

3. பையில் என்னென்ன வேண்டும்

அளவுச் சக்கரம், சரிவுமானி, 25 அடி டேப், மழையில் நனையாத நோட்டு, இரண்டு பென்சில், ஜி.பி.எஸ். உள்ள கைப்பேசி, அதற்கு மாற்று பேட்டரி. இவ்வளவு போதும்.

கைப்பேசியிலேயே தூரம் தெரியும்போது சக்கரம் எதற்கு என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும், கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜி.பி.எஸ். தடுமாறும். வளைவின் முனையை வெட்டிக் குறுக்கே போட்டுவிடும், அதனால் பாதை இருப்பதைவிடக் குட்டையாகப் பதிவாகும். அடுத்த ஆண்டு வேலைக்கு வருபவர் ‘எத்தனையாவது அடியில்’ என்று பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிப்பார். அந்த எண் நம்பும்படி இருக்க வேண்டும். சக்கரத்துக்கும் ஒரு குறை உண்டு. பாறைக் குவியலில் துள்ளித் துள்ளி ஓடி தூரத்தைக் கூட்டிக் காட்டும். அங்கே அதைத் தூக்கிக்கொண்டு டேப்பால் அளந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் சக்கரம், ஒருவர் நோட்டு. ஒருவரே இரண்டையும் செய்தால் இரண்டாவது மைலிலேயே குறிப்புகள் சுருங்கத் தொடங்கிவிடும்.

4. எந்த நாளில் நடப்பது

ஒரே நடையில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் விழுந்த மரங்களை எண்ண ஏற்ற காலம் ஒன்று, தண்ணீரைப் பார்க்க ஏற்ற காலம் வேறு.

தண்ணீருக்கு, பனி உருகும் வாரங்களோ நல்ல மழை நாளோதான் சரி. வறண்ட ஆகஸ்ட் மாதத்தில் பள்ளம் தெரியும், பள்ளத்தை உண்டாக்கிய தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரியாது. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தால், வெயிலில் ஒரு வாரம் நடந்தாலும் புரியாதது புரிந்துவிடும்.

மரங்களை, குளிர்காலக் காற்றெல்லாம் ஓய்ந்தபின், வேலைக்குப் போவதற்கு மிக நெருக்கத்தில் எண்ணுங்கள். தீப்பிடித்த காடாக இருந்தால் மரங்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் மாறும். அங்கே நின்றபடி செத்த மரங்களுக்கு அடியில் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டாம். காற்று எழுந்தால் திரும்பிவிடுங்கள். பாக்கியை இன்னொரு நாள் எழுதிக்கொள்ளலாம்.

5. பாதையில் நடந்து பதிவு செய்தல்

இதுதான் முக்கியமான படி. நிதானமாகச் செய்யுங்கள்.

பாதை தொடங்கும் இடத்தின் அறிவிப்புப் பலகையில் சக்கரத்தைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு சந்திப்பையும் ஓடையையும் எத்தனையாவது அடியில் கடந்தீர்கள் என்று எழுதுங்கள். பின்னால் யாராவது அளக்கும்போது கணக்கு விலகினால் இந்த இடங்களை வைத்துச் சரி செய்துகொள்ளலாம்.

ஒவ்வொரு பதிவிலும் ஆறு விஷயங்கள் வேண்டும்: எங்கே, என்ன, எவ்வளவு, எதனால், என்ன செய்ய வேண்டும், படத்தின் எண். ஏறிப் போகும் ஒரு பாதையின் குறிப்பு இப்படி இருக்கும்:

“4,180 முதல் 4,240 வரை. வெளி ஓரத்தில் வரப்பு, தடம் 7 அங்குலம் குழிந்திருக்கிறது. தண்ணீர் 4,260-இல் இடது பக்கத்திலிருந்து நுழைகிறது. 4,250-இல் ஒரு நிக், கீழே 60 அடிக்கு வரப்பை வெட்ட வேண்டும். படம் 31, 32.”

வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலைச்சரிவை வெட்டிப் போட்ட பாதையின் தடம், பள்ளத்துப் பக்கமாகச் சுமார் 5 சதவீதம் வாட்டம் கொடுத்து இருக்க வேண்டும். அப்போது மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து, பரவலாகக் கீழே இறங்கிவிடும். காலடி பட்டுப் பட்டு நடுத்தடம் அமுங்கும், மண் ஒதுங்கி வெளி ஓரத்தில் வரப்பாகச் சேரும். வரப்பு எழுந்த நாளிலிருந்து பாதையே வாய்க்கால்தான். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தடத்தோடு ஓடி, ஓடும் தூரம் கூடக் கூட வேகமெடுத்து மண்ணை அறுத்துக்கொண்டு போகும்.

நிக் என்பது அந்த வரப்பில் திறக்கும் மடை. சுமார் 10 அடி விட்டத்தில் அரைவட்டமாகத் தடத்தைச் சீவி, நடுவில் 15 சதவீதம் வரை வெளிவாட்டம் கொடுப்பார்கள். பாதைக்கு வெளியே தாழ்ந்த நிலம் இருந்தால்தான் இது வேலை செய்யும். குறிப்பு எழுதும்போது மடையைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பாதை இறங்கிப் போகும் பக்கத்தில் நிக்கோடு சேர்த்து 15 அடிக்கு ஒரு மெல்லிய மேடும் கட்டினால் அதைத் தாழ்வு மடை என்று எங்கள் குழுவில் சொல்வோம். அது நிக்கைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக நிற்கும்.

மரக்கட்டையையோ கல்லையோ பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் புதைத்திருந்தால் அது வாட்டர் பார். அது பாதையோடு 45 முதல் 60 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். கோணம் தப்பினால் தண்ணீர் அங்கே தேங்கி, வண்டலைப் போட்டு, கட்டையின் மேலேயே ஏறிப் போய்விடும். ஒவ்வொன்றிலும் ‘தூர்ந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா, நன்றாக இருக்கிறதா’ என்று ஒரு சொல்லாவது எழுதுங்கள். நன்றாக இருப்பதையும் எழுத வேண்டும். அதை அடுத்த ஆண்டு தூர்வாரப் போவது யார்?

இப்போது புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறுக்கு வருகிறேன். பழுது தெரியும் இடத்தில் நின்றுவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். என்னுடைய இரண்டாவது ஆண்டில், செங்குத்தான ஒரு வளைவுக்குக் கீழே 90 அடி நீளத்துக்குப் பாதை முழங்கால் ஆழம் அறுந்து கிடந்தது. அடியில் உருண்டைக் கற்கள், இரு பக்கமும் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. பதினொரு கற்படிகள் போட வேண்டும், ஆறு பேருக்கு நான்கு நாள் வேலை என்று எழுதி முடித்தேன். கூட வந்த மூத்த தன்னார்வலர் என் குறிப்பைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேலே நடந்தார். இருநூறு அடி தள்ளி, ஒரு சிற்றோடையின் குறுக்கே பழைய மரம் ஒன்று விழுந்து கிடந்தது. சருகும் மண்ணும் சேர்ந்து அதை அணையாக்கியிருந்தன. ஓடை தன் வழியை விட்டுப் பாதையில் இறங்கியிருந்தது. மரத்தை அறுத்து, பழைய ஓடை வழியைத் திறக்க அரை நாள் போதும். அதைச் செய்யாமல் படிகளைக் கட்டியிருந்தால் ஒரே குளிர்காலத்தில் அவையும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம்: எந்த அறுப்பைப் பார்த்தாலும், தண்ணீர் பாதைக்குள் நுழையும் இடம் கண்ணில் படும்வரை மேலே நடந்துவிட்டுத்தான் குறிப்பு எழுதுவேன்.

படங்களுக்கு இரண்டு விதிகள். அளவு தெரிய ஏதாவது ஒன்றை வையுங்கள். எங்கள் குழுவில் புலாஸ்கியைக் கிடத்துவோம், ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்வெட்டியும் சேர்ந்த கருவி அது. ஒவ்வொரு படத்தையும் ஏறும் திசையைப் பார்த்தே எடுங்கள். வேலை முடிந்தபின் அதே இடத்தில் நின்று அதே திசையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

விழுந்த மரங்களுக்கு எண்ணிக்கை மட்டும் போதாது. பாதையைக் கடக்கும் இடத்தில் விட்டம் எவ்வளவு, தரையில் கிடக்கிறதா அல்லது வளைந்து விறைப்பாகத் தொங்குகிறதா என்பதையும் எழுதுங்கள். விறைப்பில் இருக்கும் மரம் அறுக்கும்போது தெறிக்கும், அதற்கு அனுபவமுள்ள ரம்பக்காரர் வேண்டும்.

6. சீரமைக்க முடியுமா, மாற்றிப் போட வேண்டுமா

சில பாதைகளை எத்தனை முறை சரி செய்தாலும் நிற்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் சரிவுமானி.

உங்கள் உயரமுள்ள ஒருவரை ஐம்பது அடி தள்ளி நிறுத்தி, அவர் கண்ணைப் பார்த்துப் பாதையின் சரிவை அளங்கள். அப்புறம் பாதைக்குக் குறுக்கே, மலையின் சரிவை அளங்கள். பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இதுதான் பாதி விதி. மலை 30 சதவீதம் சரிந்தால் பாதை 15 வரை ஏறலாம். மொத்தப் பாதையின் சராசரி 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

தண்ணீர் எப்போதும் செங்குத்தான பக்கத்தைத் தேடிப் போகும். பாதை செங்குத்தாகவும் மலைப்பக்கம் மெல்லிய சரிவாகவும் இருந்தால் தண்ணீருக்குப் பாதையை விட்டு வெளியேறக் காரணமே இல்லை. 9 சதவீதம்தானே, மெதுவான ஏற்றம்தானே என்று தோன்றும். ஆனால் மலைச்சரிவு 12 என்றால் பாதி 6, பாதை விதியை மீறிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை வாட்டர் பார் போட்டாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டு பாதைக்கே திரும்பும். மெல்லிய சரிவுதான் ஆபத்தில்லாதது என்ற நினைப்பைப் புதியவர்களிடமிருந்து போக்க எனக்கு அதிக நேரம் ஆகிறது.

மாற்றிப் போடுவது வேறு கதை. வழக்கமான பராமரிப்புக்குப் பொதுவாக விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு கேட்கமாட்டார்கள். புதிய வழித்தடம் என்றால் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் வரும், தொல்லியல் பரிசோதனையும் வரும். முடிய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதனால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காதீர்கள். மாற்றுவழிக்கான அனுமதி தாமதமானால், நாளைக்கே செய்யக்கூடிய வடிகால் வேலையும் சேர்ந்து நின்றுவிடும்.

7. எதை முதலில் செய்வது

நடந்து முடித்தபின் கையில் நூறு பதிவுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்காவது ஆபத்தா? இப்போதே மண் போய்க்கொண்டிருக்கிறதா? ஓராண்டு தள்ளிப்போட்டால் செலவு கூடுமா?

மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், பார்க்க எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அது கடைசிக்குப் போகட்டும். சேறான ஒரு சமதரை எல்லோர் கண்ணிலும் படும், எல்லோரும் புகார் சொல்வார்கள். யாருமே கவனிக்காத தூர்ந்த மடைதான் பாதையைத் தின்றுகொண்டிருக்கும். போன மண்ணைத் திரும்பக் கொண்டுவர முதுகில்தான் சுமக்க வேண்டும். ஆகவே தண்ணீர் வேலை எப்போதும் முன்வரிசையில்.

8. மனித நேரமாக மாற்றுங்கள்

பணத்தில் கணக்குப் போடத் தொடங்காதீர்கள். முதலில் மனித மணிநேரம். கூலி மாறும், விலை மாறும். ஒரு மரத்தை இரண்டு பேர் அறுக்கும் நேரம் அவ்வளவாக மாறாது.

எடுத்துக்காட்டாக 6 மைல் நீளமுள்ள ஒரு வைல்டர்னஸ் பாதையை எடுத்துக்கொள்வோம். இதில் உள்ள வேகங்கள் நான் கணக்குப் போடப் பயன்படுத்துபவை. உங்கள் மண்ணுக்கும் உங்கள் குழுவுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சிறிய மரங்கள் 32, ஒன்றுக்கு முக்கால் மணி என்றால் 24 மணி. பெரிய மரங்கள் 9, ஒன்றுக்கு 4 மணி, மொத்தம் 36. புதர் வெட்ட 56 மணி. தூர்ந்த வாட்டர் பார் 9, ஒன்றுக்கு ஒரு மணி, 9. புதிய மடைகள் 22, ஒன்றுக்கு 5 மணி, 110. வரப்பு வெட்ட 1,900 அடி, மணிக்கு 10 அடி, 190. எல்லாம் சேர்த்து 425 மனித மணிநேரம்.

இந்த 425-ஐ எட்டால் வகுத்து 53 நாள் என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. உள்காட்டில் நடந்து சேர்வதே வேலையில் பாதி. தினமும் காலையில் கிளம்பிக் கருவிகளைச் சுமந்து நடந்து, மாலையில் திரும்பினால் கையில் கருவி பிடிக்கும் நேரம் 3 மணிதான். அப்போது 142 மனித நாட்கள், ஆறு பேர் குழுவுக்கு 24 நாட்கள். உள்ளேயே முகாம் போட்டால் ஐந்தரை மணி கிடைக்கும். 78 மனித நாட்கள், அதே குழுவுக்கு 13 நாட்களில் முடிந்துவிடும்.

முகாமுக்குச் சாப்பாடும் கருவிகளும் யார் கொண்டுபோவார்கள்? கோவேறு கழுதைகளும் குதிரைகளும்தான். 1973-இல் மொன்டானாவில் தொடங்கிய பேக் கண்ட்ரி ஹார்ஸ்மென் அமைப்பின் கிளைகள் பல மாநிலங்களில் இந்தச் சுமை வேலையைத் தன்னார்வமாகச் செய்கின்றன. தேதியைச் சீக்கிரம் சொன்னால் கூடுமானவரை உதவுவார்கள். முகாமா தினநடையா என்ற ஒரே முடிவு செலவை ஏறக்குறைய பாதியாக்குகிறது என்பதால், இதை முடிவு செய்யாமல் எந்த விண்ணப்பத்தையும் தொடாதீர்கள்.

9. பணம் எங்கே இருக்கிறது

வனத்துறையே ஏன் இதையெல்லாம் செய்வதில்லை என்று கேட்பார்கள். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2013-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். சுமார் 158,000 மைல் பாதைகளில் 2012 நிதியாண்டில் ஓரளவாவது பராமரிப்பு நடந்தது 37 சதவீதத்தில். தரத்துக்கு ஏற்ப இருந்தது ஏறக்குறைய கால் பங்கு. தேங்கிய வேலையின் மதிப்பு 314 மில்லியன் டாலர். ஆள் இல்லை, பணம் இல்லை. ரேஞ்சரிடம் கோபப்படுவதில் பயனில்லை. அவர் கையில் கொடுக்கத்தக்க கணக்கை நீங்கள் கொண்டுபோனால் அவருக்கு அது பெரிய உதவி.

முதலில் பார்க்க வேண்டியது பொழுதுபோக்குப் பாதைகள் திட்டம், ஆர்.டி.பி. என்பார்கள். மண்பாதைகளில் ஓடும் மோட்டார் வண்டிகள் செலவழிக்கும் எரிபொருளின் வரியை அடிப்படையாகக் கொண்டது. பணம் மத்திய அரசுடையது, பங்கிடுவது மாநிலம். மாநிலத்துக்கு வரும் தொகையில் 30 சதவீதம் மோட்டார் பாதைகளுக்கு, 30 சதவீதம் மோட்டார் இல்லாதவற்றுக்கு, 40 சதவீதம் பலவகைப் பயன்பாட்டுக்கு. பொதுவாக 80 சதவீதம் வரை அவர்கள் தருவார்கள், 20 சதவீதம் நீங்கள் காட்ட வேண்டும்.

நேஷனல் ஃபாரஸ்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் ஈட்டு நிதித் திட்டம் தேசியக் காடுகளுக்கென்றே இருப்பது. அங்கே ஒன்றுக்கு ஒன்று: அவர்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் மத்திய அரசு சாராத ஒரு டாலர் உங்கள் பக்கம் வேண்டும்.

காடுகள் அதிகமுள்ள மாவட்டங்களில், 2000-ஆம் ஆண்டின் ஊரகப் பள்ளிகள் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் உள்ளூர் ஆலோசனைக் குழுக்கள் திட்டங்களைப் பரிந்துரைக்கின்றன. பாதை வேலையும் அதில் சேரும். நாடாளுமன்றம் அவ்வப்போது புதுப்பிக்கும் சட்டம் இது, அந்தந்த ஆண்டு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயன்பாட்டுக் கட்டணம் வாங்கும் இடம் உங்கள் பாதைக்கு அருகில் இருந்தால் அதையும் விசாரியுங்கள். 2004-இன் கட்டணச் சட்டப்படி வசூலில் பொதுவாகக் குறைந்தது 80 சதவீதம் வசூலான இடத்திலேயே செலவாக வேண்டும்.

பெரிய தொகைக்கு எடுத்துக்காட்டு 2020-இன் கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ் சட்டம். தேங்கிய பராமரிப்புக்காக 2021 முதல் 2025 வரையான நிதியாண்டுகளுக்கு ஆண்டுக்கு 1.9 பில்லியன் டாலர் வரை ஒதுக்கியது. அதில் வனத்துறையின் பங்கு 15 சதவீதமாக இருந்தது. அதற்குத் தன்னார்வக் குழு நேரடியாக விண்ணப்பிக்க முடியவில்லை, திட்டப் பட்டியலை வனத்துறைதான் தயாரித்தது. ஆனால் இப்படிப் பட்டியல் கேட்கப்படும் நாளில் ரேஞ்சரின் மேசையில் உங்கள் கணக்கெடுப்பு இருந்தால் உங்கள் பாதைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இம்மாதிரி வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் கணக்கெடுப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்கிறேன்.

10. விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

முதலில் ஈட்டுப் பங்கு, அதாவது உங்கள் பக்கமாக நீங்கள் காட்ட வேண்டிய பங்கு. ஆர்.டி.பி. கேட்கும் 20 சதவீதம் என்பது மொத்தத் திட்டத்தில் 20, கேட்கும் தொகையில் அல்ல. 40,000 டாலர் கேட்டால் 8,000 காட்டினால் போதும் என்று எழுதுவார்கள். மொத்தம் 50,000 ஆக வேண்டும், ஆகவே 10,000 காட்ட வேண்டும். இந்த ஒரு பிழைக்காகவே திரும்பி வந்த விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

தன்னார்வலர் உழைப்பைப் பங்காகக் காட்டப் பல திட்டங்களில் இடம் உண்டு. இன்டிபென்டன்ட் செக்டர் என்ற அமைப்பு ஒரு மணிநேரத் தன்னார்வ உழைப்புக்கு ஆண்டுதோறும் ஒரு மதிப்பை வெளியிடுகிறது. 2023-க்கான மதிப்பு 33.49 டாலர். நம் எடுத்துக்காட்டில் 78 மனித நாட்கள், நாளுக்கு 8 மணி, 624 மணி. பெருக்கினால் ஏறக்குறைய 20,900 டாலர். எந்த விகிதத்தை ஏற்பார்கள், நடந்து சேரும் நேரத்தை எண்ணுவார்களா என்பதை மாநில அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குக் கையொப்பப் பட்டியல் கட்டாயம். பெயர், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை. அன்றன்றைக்கு, காட்டிலேயே வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் தணிக்கையில் நிற்காது.

அடுத்தது கைப்பணம். ஆர்.டி.பி. செலவழித்தபின் திருப்பித் தரும் திட்டம். ரசீது கொடுத்துப் பணம் வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை தாங்கக் குழுவின் கணக்கில் இருப்பு வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த வேலையும் பொதுவாகக் கணக்கில் சேராது. ஆர்வத்தில் முன்கூட்டியே இறங்கி, முழு வார உழைப்பைப் பங்காகக் காட்ட முடியாமல் இழந்த குழுவை எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தின் மொழியைப் பற்றி ஒன்று. ‘அழகான பாதையைக் காப்போம்’ என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். ‘1,900 அடியில் வெளிவாட்டம் போய்விட்டது, 22 மடைகள் வேண்டும், 300 மனித மணி’ என்ற வரி வெகு சிலவற்றில்தான் இருக்கும். படிப்பவர் எதை நம்புவார்? ரேஞ்சரின் ஆதரவுக் கடிதம், வரைபடம், நான்கைந்து படங்கள் சேர்த்துவிட்டால் போதும்.

11. வேலை முடிந்தபின்

பணம் செலவானதும் குழு கலைந்துவிடும். இங்கேதான் நல்ல பாதைகள் மறுபடி கெடுகின்றன.

மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். ஒன்பது வாட்டர் பாரைத் தூர்வார 9 மணி. தூர்வாராமல் விட்டு வரப்பு எழுந்தபின் வெட்ட 190 மணி. மானியங்கள் பெரும்பாலும் இந்த 190-க்குத்தான் கிடைக்கும், 9-க்குக் கிடைக்காது. அந்த ஒன்பது மணிநேரத்தை ஆண்டுதோறும் செய்ய மூன்று நான்கு பேரை, பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பெயரோடு பொறுப்பாக்குங்கள். மானியம் முடியும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், எல்லோரும் இன்னும் ஒன்றாக இருக்கும்போதுதான் பெயர் கொடுப்பார்கள். இலையுதிர்காலத்தில் ஒரு நாள், பனி உருகும்போது ஒரு நாள் போதும்.

வேலை முடிந்த வாரத்திலேயே சக்கரத்தோடு ஒருமுறை நடந்து, பழைய படங்களின் இடத்தில் புதிய படங்கள் எடுங்கள். புதிய மடைகளுக்கு அடி எண் கொடுங்கள். பழைய பட்டியலை அழிக்காமல், பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து ‘முடிந்தது’ என்று தேதியோடு எழுதுங்கள். ஒரு பிரதி குழுவிடம், ஒரு பிரதி ரேஞ்சர் அலுவலகத்தில். கோப்பின் பெயரில் ஆள் பெயர் வேண்டாம், பாதையின் எண்ணும் ஆண்டும் இருக்கட்டும். ரேஞ்சர் மாறிப் போனாலும் அடுத்து வருபவர் தேடினால் கிடைக்கும்.